உதிர மறுக்கும் செல்கள்

லைசோசோம் என்றால் 'தற்கொலைப் பை', மைட்டோகாண்ட்ரியா என்றால் 'ஆற்றல் நிலையம்'. செல் பாடம் நடத்தும் நம் எல்லோருக்கும் இந்த இரண்டு பட்டப்பெயர்களும் மனப்பாடம். மாணவர்களும் அப்படியே ஒப்பிப்பார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் அதே மாணவர்கள் மேல் வகுப்புக்கு வந்து புற்றுநோய் பற்றிப் படிக்கும்போது, 'செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது' என்ற ஒற்றை வரியோடு பாடம் முடிந்துவிடுகிறது. செல் ஏன் பெருகுகிறது என்று கேட்கிறார்கள். சாக வேண்டிய செல் ஏன் சாகவில்லை என்று கேட்பவர்கள் குறைவு.

நான் இப்போதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன். அதற்கு நல்ல எடுத்துக்காட்டாக இருப்பது பெருங்குடல், மலக்குடல் பகுதியில் வரும் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் இது மூன்றாம் இடத்திலும், இறப்புகளில் இரண்டாம் இடத்திலும் இருக்கிறது. அந்த ஓராண்டில் மட்டும் 19 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் இதன் விகிதம் மேலை நாடுகளைவிடக் குறைவு. என்றாலும் வகுப்பறைக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் உண்டு. இந்த நோய் படிப்படியாக வளர்கிறது. ஒவ்வொரு படியிலும் செல்லுக்குள் என்ன கெடுகிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும்.

செல் இறப்பது ஒன்று. செல் தன் பழைய பாகங்களைத் தானே பிரித்து மீண்டும் பயன்படுத்திக்கொள்வது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆபத்து என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

காவோலையும் குருத்தோலையும்

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. பனையில் குருத்து உச்சியில் இருக்கும். காய்ந்த ஓலை கீழே தொங்கும். பெருங்குடலில் இது தலைகீழ். குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் லட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள் இருக்கின்றன. அவை பிரிந்து புதிய செல்களை உண்டாக்குகின்றன. புதிய செல்கள் குழியின் சுவரையொட்டி மேலே நகர்ந்துகொண்டே முதிர்ச்சி அடைகின்றன. சில செல்கள் நீரை உறிஞ்சும் வேலையை எடுத்துக்கொள்கின்றன. சில வழவழப்பான கோழைப்பொருளைச் சுரக்கின்றன. நான்கைந்து நாட்களில் குழியின் வாய்க்கு வந்து சேர்ந்ததும் அவை இறந்து உதிர்கின்றன.

அதாவது, இன்று நம் குடலின் உட்பரப்பில் இருக்கும் செல்களில் பெரும்பாலானவை அடுத்த வாரம் இருக்கப்போவதில்லை. கடினமான மலம், நுண்ணுயிர்கள், அவை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவற்றோடு நாள்தோறும் உரசும் இடம் அது. அடிபட்ட செல் நீண்ட நாள் தங்கினால் அதன் டி.என்.ஏ.வில் பிழைகள் சேரும். ஆகவே உடல் அதைத் தங்கவிடுவதில்லை. உதிர்வதுதான் குடலுக்குப் பாதுகாப்பு.

இறப்பிலும் ஓர் ஒழுங்கு

செல்கள் இரண்டு விதமாக இறக்கலாம். தீக்காயம், நஞ்சு, இரத்த ஓட்டம் நின்றுபோவது போன்றவற்றால் இறக்கும் செல் வீங்கி வெடிக்கிறது. உள்ளிருப்பவை வெளியே சிந்தி, சுற்றிலும் அழற்சி உண்டாகிறது. மற்றொரு விதம் அமைதியானது. செல் சுருங்குகிறது; உட்கருவில் உள்ள டி.என்.ஏ. துண்டுகளாக வெட்டப்படுகிறது, செல் முழுவதும் சவ்வால் மூடப்பட்ட சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அருகிலுள்ள செல்களும் மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்களும் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடுகின்றன. எதுவும் சிந்துவதில்லை, அழற்சியும் இல்லை.

வகுப்பில் இதை விளக்க நான் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வேன். பெருமழையில் வீடு சரிந்து விழுந்தால் ஓடும் மண்ணும் உத்திரமும் கலந்து தெருவையே அடைத்துவிடும். அதே வீட்டைக் கொத்தனார் வைத்துப் பிரித்தால், ஓட்டைத் தனியாக இறக்கி, சட்டங்களைத் தனியாக அடுக்கி, பக்கத்து வீட்டுக்குத் தூசுகூடப் போகாமல் முடித்துவிடலாம். இரண்டிலும் வீடு இல்லாமல் போகிறது. போகும் விதம்தான் வேறு.

இந்த இரண்டாவது வகை இறப்புக்கு 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டைர் கரி ஆகிய மூவரும் 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதையும் பூவிலிருந்து இதழ் உதிர்வதையும் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் பாடநூல் மொழியில் திட்டமிட்ட செல் இறப்பு எனலாம். திட்டம் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. ஓர் உருளைப்புழுவின் வளர்ச்சியில் தோன்றும் 1,090 உடற்செல்களில், சரியாக 131 செல்கள் ஒவ்வொரு முறையும் இறந்து, 959 செல்கள் எஞ்சுகின்றன. அந்த இறப்பை இயக்கும் ஜீன்கள் தொடர்பான ஆய்வுகளுக்காகவே சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கருவில் நம் விரல்களுக்கு இடையே இருந்த சவ்வு மறைந்ததும் இதே வழியில்தான்.

இப்போது அந்தப் பட்டப்பெயர்களுக்கு வருவோம். இந்த இறப்புக்கான முக்கியமான பொத்தான் எங்கே இருக்கிறது? லைசோசோமில் அல்ல, மைட்டோகாண்ட்ரியாவில். சைட்டோகுரோம் சி என்னும் புரதம் அன்றாடம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருந்து சுவாச வேலைக்கு உதவுகிறது. செல் பழுதுபார்க்க முடியாத அளவுக்குச் சேதமடைந்தால், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளைகள் விழுகின்றன. சைட்டோகுரோம் சி சைட்டோபிளாசத்துக்குள் வந்துவிடுகிறது. அதைக் கண்டதும் காஸ்பேஸ்கள் எனப்படும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, செல்லை உள்ளிருந்தே பிரிக்கத் தொடங்குகின்றன. சைட்டோகுரோம் சிக்கு இப்படி ஒரு வேலை இருப்பது 1996இல்தான் தெரியவந்தது. வாழ்வதற்கு ஆற்றல் தரும் உறுப்பிடம்தான் எப்போது விடைபெற வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது என்று சொன்னால், வகுப்பில் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

பூட்டுகள் உடையும் வரிசை

குடற்குழியில் இந்த ஒழுங்கு குலைவதே புற்றுநோயின் தொடக்கம். பெரும்பாலான நோயாளிகளில் முதலில் கெடுவது ஏ.பி.சி. என்னும் ஜீன். குழியில் மேலே நகரும் செல்லிடம் "பிரிந்தது போதும், இனி முதிர்ச்சி அடை" என்று சொல்லும் பொறுப்பு அதனுடையது. அந்த ஜீனில் சடுதிமாற்றம் ஏற்பட்டால், செல் மேலே வந்த பிறகும் குருத்தணுவைப் போலவே பிரிந்துகொண்டிருக்கிறது. உதிர வேண்டிய இடத்தில் கூட்டம் சேர்கிறது. அதுதான் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சி.

அடுத்து, பலரில் கே-ராஸ் என்னும் ஜீன் மாறுகிறது. "பெருகு" என்ற கட்டளை அணையாத மின்விளக்கைப் போல எரிந்துகொண்டே இருக்கிறது. பிறகு பி53 என்னும் ஜீன் பழுதாகிறது. இதுதான் மிகப் பெரிய இழப்பு. டி.என்.ஏ. சேதமடைந்தால் செல் பிரிவதை நிறுத்திவைப்பதும், சரிசெய்ய முடியாதபோது மைட்டோகாண்ட்ரியா வழியாக இறப்பைத் தொடங்கிவைப்பதும் பி53 புரதத்தின் வேலை. அது போய்விட்டால், பிழைகள் நிறைந்த செல்லும் சாகாமல் நிற்கும். அடுத்தடுத்த பிழைகளைச் சேர்த்துக்கொண்டே போகும். சில ஜீன்களின் மாற்றங்கள் இவ்வாறு படிப்படியாகச் சேர்ந்து புற்றுநோயாகின்றன என்ற விளக்கத்தை 1990இல் எரிக் ஃபியரான், பெர்ட் வோகெல்ஸ்டீன் ஆகியோர் முன்வைத்தனர். எல்லா நோயாளிகளிலும் இதே வரிசை இருப்பதில்லை, டி.என்.ஏ.வைத் திருத்தும் அமைப்பே கெட்டுப்போய் வரும் வேறு வழியும் உண்டு. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பெருகும் கட்டளை ஓயவில்லை, இறக்கும் கட்டளை கேட்கவில்லை.

பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கிறது. பெரும்பாலான பாலிப்புகள் புற்றுநோயாக மாறுவதே இல்லை. இந்த நீண்ட இடைவெளியை மாணவர்கள் மனத்தில் பதிய வைப்பது முக்கியம்.

செல்லுக்குள் ஒரு பழைய சாமான் கடை

இனி இரண்டாவது பாடம். ஒவ்வொரு செல்லிலும் தேய்ந்துபோன புரதங்களும் பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களும் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை எங்கே கொட்டுவது? செல்லுக்கு வெளியே குப்பைமேடு கிடையாது. ஆகவே செல் அவற்றை இரட்டைச் சவ்வாலான பையில் சுற்றிக் கட்டுகிறது. அந்தப் பை லைசோசோமுடன் இணைகிறது. லைசோசோமின் நொதிகள் உள்ளே இருப்பதைச் சிதைத்து, புரதத்தை அமினோ அமிலங்களாகவும் கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாகவும் பிரித்துத் திருப்பிக் கொடுக்கின்றன. அவற்றைக்கொண்டு செல் புதிய பாகங்களைச் செய்துகொள்கிறது. பழைய இரும்பு, பிளாஸ்டிக், காகிதம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு, தரம் பிரித்து, மறுபடி மூலப்பொருளாக்குவது போல.

லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டுவே 1963இல் இதற்கு 'ஆட்டோபேஜி' என்று பெயரிட்டார். தன்னையே உண்ணல் என்பது பொருள். ஆனால் இது எப்படி இயங்குகிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, ரொட்டி புளிக்கப் பயன்படும் ஈஸ்டை எடுத்துக்கொண்டார். விலங்குச் செல்லில் லைசோசோம் செய்யும் வேலையை ஈஸ்டில் செய்வது அதன் நுண்குமிழ். அதிலுள்ள சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையைத் தேர்ந்தெடுத்து, அதைப் பட்டினி போட்டார். குப்பை உள்ளே வந்துகொண்டே இருந்தது, அரைபடவில்லை. சில மணி நேரத்தில் நுண்குமிழ் முழுவதும் சிறு பைகளாக நிரம்பிவிட்டன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அவை தெரிந்தன. பிறகு ஆட்டோபேஜிக்குத் தேவையான ஜீன்களைக் கண்டறிந்து 1993இல் வெளியிட்டார். 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குத் தனியாகவே வழங்கப்பட்டது. மறைந்து நடக்கும் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதன் கடைசிப் படியை நிறுத்திவை என்பது, சோதனை வடிவமைப்பைக் கற்பிக்க மிக நல்ல எடுத்துக்காட்டு.

ஆக, லைசோசோம் அன்றாடம் செய்வது தற்கொலை அல்ல, மறுசுழற்சி. அதன் சவ்வு கிழிந்து நொதிகள் கசிந்தால் செல் இறக்கக்கூடும் என்பது உண்மை. அந்தப் பட்டப்பெயர் வந்த காரணமும் அதுதான். ஆனால் அது அரிதாக நேர்வது. மறுசுழற்சியோ நாள்தோறும் நடப்பது. தேர்வுக்காகப் பாடநூல் சொல்லை மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். கூடவே 'மறுசுழற்சி மையம்' என்ற பெயரையும் சொல்லிவைப்போம். பதின்ம வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் தற்கொலை என்ற சொல்லை வேடிக்கையாகப் புழங்காமல் இருப்பதற்கும் அது உதவும். அந்தத் துயரம் நடந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை நம் வகுப்பிலேயே இருக்கலாம்.

காவலனா, கட்டிக்குச் சோறு போடுபவனா?

மறுசுழற்சி நல்லது என்றால், அது புற்றுநோயைத் தடுக்கும் அல்லவா? பாதி உண்மை.

ஆரோக்கியமான குடற்செல்லில் ஆட்டோபேஜி காவலன்தான். பழுதான மைட்டோகாண்ட்ரியா, டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை வெளிவிடும். அதை உடனே அகற்றிவிட்டால் ஜீன்களில் பிழை சேர்வது குறையும்.

கட்டி உருவான பிறகு கதை மாறுகிறது. வேகமாக வளரும் கட்டியின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் போதிய அளவு எட்டுவதில்லை. அங்கே ஆக்சிஜனும் குளுக்கோஸும் தட்டுப்பாடு. அந்தப் பஞ்சத்தில் புற்றுச்செல் பிழைத்திருப்பதற்கு அதே ஆட்டோபேஜி கைகொடுக்கிறது. தன் பழைய பாகங்களை உருக்கி, கிடைத்ததைக்கொண்டு காலம் தள்ளுகிறது. கீமோதெரபி மருந்தால் தாக்கப்படும்போதும் பல புற்றுச்செல்கள் ஆட்டோபேஜியைக் கூட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.பி.சி. ஜீனின் ஒரு பிரதி பழுதான எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் குடற்செல்களில் ஆட்டோபேஜிக்கு இன்றியமையாத ஒரு ஜீனை நீக்கியபோது, புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகள் உருவாவது தடைபட்டது.

இதனால்தான் மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் ஆட்டோபேஜியைக் கூட்டுவதற்குப் பதில், நிறுத்திப் பார்க்க முயல்கிறார்கள். மலேரியா மருந்தாக நாம் அறிந்த குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து மறுசுழற்சியைத் தடுப்பவை. புற்றுநோய் மருந்துகளோடு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் சோதனைகள் நடந்துவருகின்றன. இது ஆய்வு நிலையில் உள்ள முயற்சிதான். வழக்கமான சிகிச்சையாக ஆகிவிடவில்லை.

"பட்டினி கிடந்தா கேன்சர் செத்துருமாமே டீச்சர்?"

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. வீட்டுக் கைப்பேசியில் வந்த காணொளியில் அப்படிச் சொன்னார்களாம். பட்டினி கிடந்தால் செல் தன்னையே தின்னும். அப்போது புற்றுநோய்ச் செல்லையும் தின்றுவிடும். இதற்கு ஜப்பான்காரர் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார் என்பது அந்தக் காணொளியின் வாதம்.

இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். முதலாவது, ஆட்டோபேஜி என்பது ஒரு செல் தன் பாகங்களைச் சிதைப்பது. நல்ல செல் கெட்ட செல்லைத் தேடித் தின்பது அல்ல. இரண்டாவது, புற்றுச்செல்லுக்கும் ஆட்டோபேஜி உண்டு. பஞ்ச காலத்தில் அது பிழைத்திருக்கவே அது உதவுகிறது. மூன்றாவது, நோபல் பரிசு ஈஸ்டில் இந்த அமைப்பின் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகத் தரப்பட்டது. பட்டினி புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று கண்டுபிடித்ததற்காக அல்ல.

செல் இறப்பையும் மறுசுழற்சியையும் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆபத்து என்றேனே, அது இதுதான். கீமோதெரபி எடுத்துக்கொள்பவருக்கு உடல் எடையும் தசையும் குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலு குறையும். அவருக்குப் போதிய சக்தியும் புரதமும் வேண்டும். காணொளியை நம்பி வீட்டில் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்தாலோ, சிகிச்சையைத் தள்ளிப்போட்டாலோ இழப்பு அவருக்குத்தான். சமய நோன்பையோ விரதத்தையோ நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. அதைப் புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்வதை மட்டும் மறுத்தால் போதும். நோயாளி எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

நாரும் குடற்செல்லும்

"அப்படியானால் குடலுக்கு எதுதான் நல்லது?" என்ற கேள்வி அடுத்து வரும். அதற்கும் செல்லியல் விடை உண்டு. நாம் உண்ணும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் சிறிய கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடற்செல்களின் முதன்மையான எரிபொருள் அதுதான். 2011இல் வெளியான ஆய்வில், குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பெருங்குடற்செல்கள் ஆற்றலின்றித் தவித்து ஆட்டோபேஜியில் இறங்கியிருந்தன. பியூட்டிரேட் கொடுத்ததும் அந்த நிலை மாறியது.

புற்றுச்செல்லோ பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. அது எரிக்காத பியூட்டிரேட் உள்ளே தேங்கி, ஜீன்களின் செயல்பாட்டை மாற்றி, வளர்ச்சியைத் தடுப்பதும் அபோப்டோசிஸைத் தூண்டுவதும் ஆய்வகச் செல்களில் காணப்பட்டுள்ளது. ஆக, ஒரே பொருள் நல்ல செல்லுக்கு உணவாகவும், கெட்ட செல்லுக்குத் தடையாகவும் அமைகிறது. கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, வாழைத்தண்டு, கொய்யா என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்களையே கரும்பலகையில் எழுதலாம். பதப்படுத்திய இறைச்சி, மது, புகையிலை, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நார்ச்சத்து வாய்ப்பைக் குறைக்கும். வந்த நோய்க்கு அது மருந்தல்ல.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில் அபோப்டோசிஸ் என்ற சொல்லே வேண்டாம். பள்ளி வளாகத்தில் நாட்டுவாதுமையோ பூவரசோ இருந்தால் போதும். தானாக உதிர்ந்த பழுத்த இலையின் காம்பு நுனியையும், பறித்த பச்சை இலையின் காம்பு நுனியையும் ஒப்பிடச் சொல்லுங்கள். முன்னது வழுவழுப்பாக மூடியிருக்கும். பின்னது பிய்ந்து ஈரமாக இருக்கும். மரம் இலையைக் கழற்றிவிடும் முன் அதிலிருந்த சத்துகளில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லலாம். ஒழுங்காக உதிர்வது, உதிரும் முன் மீட்டெடுப்பது என்ற இரண்டு கருத்துகளும் ஒரே இலையில் கிடைத்துவிடும்.

உயர்நிலை வகுப்பில் பத்து மாணவர்களை வரிசையாக நிறுத்தி ஒரு குடற்குழியை நடித்துக் காட்டச் சொல்வேன். அடியில் ஒருவர் வந்து சேர்ந்தால் மேலே ஒருவர் விலக வேண்டும். சிறிது நேரம் கழித்து மேலே இருப்பவரிடம் "இனி விலகாதே" என்று மெதுவாகச் சொல்லிவிடுவேன். சற்று நேரத்தில் வரிசை முட்டிக்கொள்ளும். புதிதாக யாரும் வேகமாக வரவில்லை, விலக வேண்டியவர் விலகவில்லை, ஆனாலும் நெரிசல் என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். பிறகு வினாத்தாளில், 'லைசோசோமின் வேறு பெயர் என்ன?' என்பதோடு 'இறக்க வேண்டிய செல் இறக்காவிட்டால் என்ன ஆகும்?' என்றும் ஒரு வினா வைக்கலாம்.

நடத்தும்போது ஒரு கவனம் தேவை. வீட்டில் புற்றுநோயாளி இருக்கும் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். 'புற்றுநோய் வந்தால் சாவுதான்' என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் அது அறிவியலும் ஆகாது. குடல் அகநோக்கிச் சோதனையில் பாலிப்பைக் கண்டு அப்போதே அகற்றிவிட்டால், அது புற்றுநோயாகும் பாதையே அடைபடுகிறது. தொடக்க நிலையில் கண்டறியப்படும் நோயாளிகளில் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலம் கழிக்கும் வழக்கம், காரணம் தெரியாத இரத்தசோகை, எடைக்குறைவு ஆகிய அறிகுறிகளை மாணவர்களுக்கும் பெற்றோர் கூட்டத்திலும் தயங்காமல் சொல்லலாம். மலத்தில் இரத்தம் தெரிந்தால், மூலமாக இருக்கும் என்று கைவைத்தியத்தோடு விட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். பல நேரம் அது மூலமாகவே இருக்கவும் கூடும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது நல்லது. இது நமக்கும் பொருந்தும். உதிர மறுத்த ஒரு செல் நோயாக வளர்ந்து நிற்க, பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆண்டுகளை வெட்கத்தாலும் வதந்தியாலும் வீணாக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தால், செல் பாடம் வீடுவரை போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.